இன்னொருத்தர் கால்

உள்ள டேப்பு கிழியிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. டர்ருனு ஒரு இழுப்பு, கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, திரும்ப டர்ரு. உள்ள இருக்கிறது யாரோ கெட்டிக்காரி, இழுப்பெல்லாம் ஒரே அளவா வருது, காதுக்கே தெரியுது. நான் இழுத்தா பாதியில ஒட்டிக்கும், நகத்தை விட்டுப் பிரிக்கணும். சரி, இப்ப அதுவா பெருசு. முதல்ல ஒரு கால் வரட்டும். இந்த வராண்டா பெஞ்சு நெடுக எங்க கோர்ஸ் புள்ளைங்க உக்காந்துருக்கு. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு ஆள், ஒரு அண்ணன், ஒரு ரூம்மேட்டு, காதலன்னு சொல்லிக்காத ஒரு காதலன், எல்லாரும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு விரலை ஆட்டிக்கிட்டு உக்காந்துருக்காங்க. என் பக்கத்துல என் பை உக்காந்துருக்கு. பைக்குள்ள டேப்பு, கத்திரி, டேப்புக்கு அடியில சுத்துற மெத்துத் துணி, தண்ணி பாட்டில், சாப்பிட மனசு வராத ஒரு பன்னு. போர்டுல சாக்பீஸால எழுதிப் போட்டுருக்காங்க, மாடலை அவங்கவங்களே கூட்டிட்டு வரணும், கூடப் பரீட்சை எழுதுறவங்க மாடலா இருக்கக் கூடாது, மாடல் டேப்பு போட்டுக்கிற கால்ல பழைய அடி எதுவும் இருக்கக் கூடாது. பேனா கொண்டு வரணும், ஹால் டிக்கெட் கொண்டு வரணும்னா சரி, ஒரு மனுசியைக் கொண்டு வரணும்னு ஒரு பரீட்சையா. கணுக்காலுக்கு டேப்பு போட்டுக் காட்டணும், அவ்வளவுதான். அதைப் போட்டுட்டா நான் அத்லெட்டிக் டிரெய்னர். ஆட்டத்துல ஒருத்தி விழுந்தா பையைத் தூக்கிட்டு உள்ள ஓடுதே ஒரு ஆள், அந்த ஆள். இந்தப் பேரைச் சொன்னா எங்க ஸ்கூல் கரஸ்பாண்டென்ட்டே, ஜிம் மாஸ்டரா டீச்சர்னு கேட்டாரு. ஆமா சார்னு சொல்லிட்டேன். வெளக்குறதுக்குத் தெம்பு இல்ல.

டெல்ஃபின் வருவாளா. பாக்கலாம்ட்டினு சொன்னா. பாக்கலாம்னா என்ன. எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சாலும் பாக்கலாம்ம்பாங்க, கைமாத்து கேட்டாலும் பாக்கலாம்ம்பாங்க. முடியாதுனு மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியாத சனம். ஆனா அவ அப்படிச் சொல்ற ஆளு இல்ல. பிடிக்காட்டி போடினு சொல்லுவா. இல்ல, அது அப்போ. கூட வாலிபால் ஆடுன காலத்துல. இப்ப ஆவடியில இருக்கா, ரெண்டு புள்ளைங்க, ஒரு சேலைக்கடையில நிக்குறா. நிக்குறானு சரியாத்தான் சொல்றேன், வேலை பாக்குறது அப்புறம், முதல்ல நிக்கணும், கடை திறந்ததுலேருந்து சாத்துற வரைக்கும். நான் சென்னைக்கு வந்து இத்தனை வருசத்துல ஒரு தடவை அவளைப் போய்ப் பாத்ததில்ல. புது வருசத்துக்கு ஒரு பூப்படம் அனுப்புவா, நானும் ஒரு பூப்படம் அனுப்புவேன். அப்படி இருக்கிறவளைப் போன வாரம் கூப்பிட்டு, ஏட்டி டெல்ஃபினு, ஒரு கால் வேணும்ட்டினு கேட்டா அவ என்ன நினைப்பா. முதல்ல சிரிச்சா. அப்புறம் விசயத்தைச் சொன்னேன். அப்புறம் பின்னாடி குக்கர் விசில் மட்டும் கேட்டுச்சு. எந்தக் காலுட்டினு கேட்டா. அதுதான் நெஞ்சுல சிக்கிக்கிட்டு நிக்குது. எதுனாலும் பரவாயில்லனு சொன்னேன். என்ன பேச்சு அது, எதுனாலும் பரவாயில்லயாம். இடது காலுனு சொல்லிருக்கணும். வலது வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. சொன்னா அந்த வலது காலைப் பத்திப் பேசணும். பேசாமலே இத்தனை வருசம் ஓட்டியாச்சு. சனிக்கிழமை லீவு கேட்டா சூப்பர்வைசர் குதிப்பான், பாக்கலாம்ட்டினு சொல்லி வச்சுட்டா. காலையில மெசேஜ் போட்டேன். ரெண்டு டிக்கு விழுந்துருக்கு, நீலம் ஆகலை. போனை எடுத்து எடுத்துப் பாக்குறேன். பாத்தா நீலம் ஆகிருமா.

வேற யாரைக் கேட்டுருக்கலாம். நான் தங்கிருக்கிற லேடீஸ் ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் ஷைனியைக் கேட்டேன், நர்சு, சனிக்கிழமை பகல் டூட்டி அக்கானு சொன்னா, பொய்யும் இல்ல. ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரைக் கேக்கலாமானு நினைச்சேன், ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனதும் அவங்க பேச்சை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க பாருங்க, ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்துட்டு வந்துட்டேன். அண்ணனைக் கேட்டேன். அம்பத்தூர்லதான் இருக்கான். சகாயராணி, உனக்கு என்ன பைத்தியமா, நீ வந்து என் காலைப் பிடிக்கிறதை நாலு பேரு பாக்கணுமா, கல்யாணம் ஆகாம இருக்கிற தங்கச்சி ஊரான் காலைப் பிடிக்கிற வேலைக்குப் படிக்கிறானு அண்ணி வீட்டுல ஏற்கெனவே பேச்சுனு சொன்னான். அவன் கோபமாச் சொல்லலை, சலிச்சுப்போய்ச் சொன்னான், அதுதான் வலிச்சுது. கோபப்பட்டிருந்தா நானும் நாலு வார்த்தை விட்டுருப்பேன். இந்த ஊர்ல எவ்வளவு கால். மின்சார ரயில்ல ஏறுனா மிதிக்காம நிக்க முடியாது, அத்தனை கால். அதுல ஒண்ணை ஒரு மத்தியானத்துக்குக் கேக்க எனக்கு ஆள் இல்ல. தனியா இருக்கேன் தனியா இருக்கேன்னு நான் ஒருநாளும் பொலம்புனதில்ல, அது பாட்டுக்கு ஒரு பழக்கமாப் போச்சு, காலையில டீ, சாயங்காலம் டீ, ஞாயித்துக்கிழமை பூசை. இந்தப் போர்டைப் பாத்தப்பதான் வெட்டவெளிச்சமாத் தெரிஞ்சுது. எனக்கு யாரும் இல்ல. அதைச் சாக்பீஸால எழுதிப் போட்ட மாதிரி இருந்துச்சு.

இந்த இடத்துக்கு வர்றதுக்கே நான் ஊரைச் சுத்தி வந்தவ. நேர் பாதையில வந்துருந்தா இந்நேரம் வேலையில சேந்து சலிச்சே போயிருக்கும். பத்தாங்கிளாஸ் முடிச்சதும் ஹெட்மாஸ்டர், வாலிபால் புள்ளைங்களா, எல்லாத்தையும் மூணாவது குரூப்புல போடு, விளையாட நேரம் இருக்கும்னு சொன்னாரு. எங்களுக்கும் ஒரே சந்தோசம். டெல்ஃபினும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து பற்று வரவு எழுதுனோம். அந்த ஒரு பேச்சுல என் தலையெழுத்து திரும்பிருச்சுனு அப்ப யாருக்குத் தெரியும். பிளஸ் டூ முடிச்சு பிசியோதெரபி காலேஜ் வாசல்ல போய் நின்னா, கவுன்ட்டர்ல இருந்தவரு, பயாலஜி எங்கம்மானு கேட்டாரு. இல்ல சார், காமர்ஸுன்னேன். அப்ப ஏம்மா இங்க வந்தனு கேட்டாரு. கேலியில்ல, நெஜமாவே அவருக்குப் புரியலை. எலும்புக்கு மருந்து படிக்கிறதுக்குக் கணக்குப்பிள்ளை வந்து நின்னா அவரு என்ன செய்வாரு. அப்புறம் உடற்கல்வி படிச்சேன். விசில் ஊதக் கத்துக் குடுத்தாங்க, கோடு போடக் கத்துக் குடுத்தாங்க, அடிபட்டா ஐஸ் வைனு ஒரே ஒரு பாடம். பி.டி. டீச்சர் ஆனேன். என் பீரியடை மேத்ஸ் டீச்சர் வாங்கிட்டுப் போவாங்க, இன்னிக்கு மட்டும் மிஸ்ஸுனு. அந்த இன்னிக்கு முடிஞ்சதே கிடையாது. நடுவுல ஒரு ஜிம் சர்டிஃபிகேட்டுக்குப் போனேன், அங்க எல்லாம் கை, கை, கை, கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கிப் பாத்துக்கிறது. அப்புறம் முதலுதவி கோர்ஸு. அதுல ஒரு பொம்மை குடுத்தாங்க, நெஞ்சை அமுக்கிப் பழகுறதுக்கு. அந்தப் பொம்மைக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. நான் கால் எங்க சாருன்னு கேட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. நான் கடைசியில இந்த டிப்ளமாவைக் கண்டுபிடிச்சேன். உடற்கல்வி படிச்சவங்களும் சேரலாம்னு ஒரு வரி போட்டுருந்தாங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருசம் காத்துருந்த மாதிரி உக்காந்து அழுதேன். இப்ப நெய்வேலிப் பக்கம் ஒரு அகாடமியில பொண்ணுங்க வாலிபால் டீமுக்கு ஆள் கேக்குறாங்க. சர்டிஃபிகேட்டோட வாங்கனு சொல்லிருக்காங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வருசம்தான் பரீட்சை, அதுவரைக்கும் அந்தப் பொண்ணுங்க கணுக்கால் எனக்காகச் சுளுக்காம இருக்குமா, வேற ஆளைப் போட்டுருவாங்க.

அக்கா, உங்க மாடல் வந்தாச்சா. பக்கத்துல உக்காந்துருக்கிற தமிழினி கேக்குறா. என் வயசுல பாதிதான் இருப்பா. அவ மாடல் அவங்க அம்மா, பட்டுச்சேலை கட்டிட்டு வந்துருக்காங்க, பரீட்சையா பொண்ணு பாக்குற வீடானு தெரியலை. காலைச் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவி, பாதத்துல பவுடர் வேற. வந்துட்டு இருக்காங்கப்பானு சொல்றேன். அந்தம்மா என்னைப் பாத்து, நீங்க எத்தனாவது வருசத்துக்கு மேடம் பாடம் எடுக்கிறீங்கனு கேக்குறாங்க. அம்மா, அவங்க எங்க கிளாஸும்மானு தமிழினி காதைக் கடிக்கிறா. அந்தம்மா நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஒரு கடலைமிட்டாய் எடுத்து நீட்டுறாங்க. வாங்கிக்கிறேன். நல்ல புள்ளைங்கதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அதுங்க இங்கயே ஹாஸ்டல்ல ஒண்ணா இருக்கிறதுங்க, முதல் நாளே ஜோடி ஜோடியாச் சேந்துருச்சு, ராத்திரியெல்லாம் ஒருத்தி கால்ல ஒருத்தி சுத்திப் பழகுதுங்க. நான் சனி ஞாயிறு மட்டும் வந்து போறவ. ஜோடி போட்டதுல நான் ஒத்தையா மிஞ்சிட்டேன். நீங்க பாத்துக்கோங்கனு எங்களுக்குப் பாடம் எடுக்கிற சுகந்தி மேடம் சொன்னாங்க. பாத்துக்கிட்டேன். எதைப் பாத்துக்கிட்டேன், என் காலைத்தான். ஸ்கூல் விட்டு வந்து, டீ குடிச்சு, கதவைச் சாத்திட்டு, கட்டில்ல உக்காந்து ஸ்டூல் மேல இடது காலைத் தூக்கி வச்சு, குனிஞ்சு சுத்துவேன், பிரிப்பேன், சுத்துவேன். இடது கால்ல இப்ப ஒரு முடி கிடையாது, டேப்போட வந்துருச்சு. வலது கால் பழைய மாதிரியே இருக்கு. ஷைனி பாத்துட்டு, என்னக்கா ஒரு காலுக்கு மட்டும் பியூட்டி பார்லர் போனீங்களானு கேட்டா. அவ கேட்டப்ப நானும் சிரிச்சேன். மோசம் போனது அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது.

போன மாசம் மேடம் எல்லாரையும் ஒவ்வொருத்தராச் செஞ்சு காட்டச் சொன்னாங்க. தமிழினி கால் நீட்டுனா. இதே இடது கால். நான் அவளுக்கு எதுக்க மண்டி போட்டு உக்காந்தேன். டேப்பை வச்சேன், குதிகாலுக்கு அடியில விட்டு இழுத்தேன், கை அது பாட்டுக்குப் போச்சு, கண்ணை மூடிட்டுப் போடுவேன், அத்தனை தடவை போட்டுருக்கேன். மேடம் வந்து நின்னாங்க. சகாயராணி, என்ன பண்றீங்கனு கேட்டாங்க. கணுக்கால் பெரும்பாலும் உள்பக்கமாத்தான் மடங்கும். அதனால டேப்பை உள்பக்கத்துல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா இழுத்து நிறுத்தணும், கால் மடங்கப் பாத்தாலும் டேப்பு விடாது. நான் வெளியிலேருந்து உள்ள இழுத்து வச்சுருக்கேன். என் கால்ல எனக்கு எது உள்பக்கமோ, எதுக்க உக்காந்தா அது அவளுக்கு வெளிப்பக்கம். கை பழகுனது என் காலுக்கு. வேற ஆளோட கால் அதுக்குத் தெரியாது. இந்தக் காலை நீங்க காப்பாத்தலை, மடக்கி விடுறீங்கனு மேடம் சொன்னாங்க. பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். எனக்கு வேற ஒண்ணுதான் உறைச்சுது. இத்தனை மாசமா நான் கத்துக்கிட்டது இந்த வேலையே இல்ல, வேற ஏதோ. தனியா இருக்கிறது கையில கூட ஏறிப்போகும்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அவ காலைத் தொட்டதும் சூடா இருந்துச்சு. அது கூட எனக்குப் புதுசா இருந்துச்சு. என் காலைத் தொட்டா சூடு தெரியாது, தொடுற கையும் அதே சூடு. இன்னொரு ஆள் உடம்புல கை வச்சு எவ்வளவு காலம் ஆச்சுனு நினைச்சேன், நினைச்சதும் கை நின்னுபோச்சு. அப்புறம் கட்டில்ல உக்காந்து மாத்திப் போட்டுப் பாத்தேன். என் கால்லயே தப்பாப் போட்டுப் பழகுனா எதுக்க உக்காரும்போது சரியா வரும்ல. வரலை. ரெண்டும் குழம்பிப்போச்சு. இப்ப எந்தப் பக்கம்னு யோசிச்சா தலை சுத்துது. டெல்ஃபின் வராட்டி ஃபெயிலு. வந்தா, எதுக்க உக்காந்து தப்பாப் போட்டாலும் ஃபெயிலு. வராமலே இருந்துட்டா நல்லதோனு கூட ஒரு நிமிசம் தோணுது, பாருங்க புத்தியை.

மடங்குன கால்னா எனக்கு ஒரு கால்தான். மாவட்டப் போட்டி, தூத்துக்குடியில, வெயில் மண்டையைப் பிளக்குது. டெல்ஃபின் பிளாக் பண்ண எழும்புனா. அவ எழும்புனா பாக்கணும், நெட்டுக்கு மேல முழங்கை வரைக்கும் வரும். எறங்கும்போது நெட்டுக்கு அடியில எதிர் டீம் புள்ளையோட கால் கிடந்துச்சு. அது மேல எறங்கிட்டா. வலது கால். விழுந்தவ கத்தலை, ஏட்டி ஏட்டினு மட்டும் சொன்னா. எங்க பி.டி. சார் ஓடி வந்தாரு, நல்ல மனுசன், எங்களுக்குச் சொந்தக் காசுல முட்டை வாங்கிக் குடுத்தவரு. சுளுக்குத்தான், எடுத்துருவோம்னு சொல்லிட்டு எண்ணெயை ஊத்தி உருவுனாரு. உருவி, பெருவிரலையும் குதிகாலையும் பிடிச்சு ஒரு வெட்டு வெட்டி இழுத்தாரு. அப்ப அவ கத்துனா. கேலரியில இருந்தவங்க கைதட்டுனாங்க, சுளுக்கு விட்டுருச்சுனு. எந்திரிச்சு நட, சரியாப்போகும்னு சொன்னாரு. நடந்தா. மிச்ச ஆட்டமும் ஆடுனா. ஜெயிச்சோம். ராத்திரி கால் பூசணிக்காய் மாதிரி ஆயிருச்சு. அதோட சரி, அவ ஆட்டமும் போச்சு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் போச்சு. அத்தனை பேரு சுத்தி நின்னோம். எங்க வலிக்குதுனு ஒருத்தர் கேக்கலை. எப்படி விழுந்தனு கேக்கலை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல, யாருக்கும் தெரியலை. சுகந்தி மேடம் முதல் கிளாஸ்ல சொன்னாங்க, எடுத்ததும் கை வைக்காதீங்க, முதல்ல கேளுங்க, எப்படி அடிபட்டுச்சுனு அவங்க வாயால சொல்ல விடுங்க, அப்புறம் பாருங்க, அப்புறம்தான் தொடணும்னு. எல்லாரும் அதை நோட்டுல எழுதுனாங்க. நான் பேனாவைக் கீழ வச்சுட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பதினோராங்கிளாஸ்ல பற்று வரவு எழுதுனப்ப இந்த ஒரு வரியை எங்களுக்கு யாராவது சொல்லிருக்கலாம்.

தமிழினி உள்ள போறா. அந்தம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே போறாங்க. அடுத்து நான்தான். டர்ரு, டர்ருனு சத்தம் வருது. அவ கை நல்ல கை. பெஞ்சு காலியாக் கிடக்கு. எதுக்க கோர்ட்டுல யாரோ தண்ணி தெளிச்சுருக்காங்க, செம்மண் வாசனை அடிக்குது. கடலைமிட்டாய் உள்ளங்கையில உருகிப்போச்சு. எந்திரிச்சுப் போயிரலாமா. மாடல் வரலைனு சொன்னா ஆப்சென்ட்டு போட்டுருவாங்க, அதுக்கு நானே போயிட்டா மரியாதையாவது மிஞ்சும். அப்படி மிஞ்சுற மரியாதையை வச்சுக்கிட்டு என்ன செய்ய, கட்டிலுக்கு அடியில போட்டு வைக்கவா. கதவு திறக்குது. சகாயராணினு ஆபீஸ்காரர் கூப்பிடுறாரு. மாடலோட வாங்கம்மா. சார், ஒரு அஞ்சு நிமிசம்னு சொல்றேன். என் குரல் எனக்கே பிடிக்கலை. அவரு வராண்டாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாக்குறாரு. அப்பதான் அந்தக் கோடியில, படிக்கட்டுல, கைப்பிடியைப் பிடிச்சு ஒரு கால் வச்சு, இன்னொரு காலை அது பக்கத்துல கொண்டு வந்து வச்சு, ஒரு பொம்பளை ஏறி வர்றா. கடை யூனிஃபார்ம் சேலை. முகம் எனக்குத் தெரியலை, குண்டாயிட்டா, முடி கொட்டிருச்சு. நடை தெரியுது. வலது கால் லேசா வெளிய தள்ளி விழுது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேன்ட்டி, சூப்பர்வைசர் தேடுவான், சீக்கிரம் முடினு மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றா. ரெண்டு பேருக்கும் கட்டிப்பிடிக்கணும்னு தோணலை, தோணிருக்கும், எப்படினு தெரியலை. நான் அவ கைப்பையை வாங்கிக்கிறேன்.

உள்ள போனதும் அங்க கிடக்கிற பெஞ்சு மேல உக்காந்து அவ இடது காலைத் தூக்கி ஸ்டூல்ல வைக்குறா. நான் சொல்லாமலே இடது. கொலுசு அந்த ஒரு கால்லதான் கிடக்கு. கழட்டி என் கையில குடுக்குறா. மத்ததுக்கு எங்கட்டினு நான் கேக்கலை, சேலையை வலது கால் மேல இழுத்து விட்டு மூடிக்கிட்டா. வெளியூர்லேருந்து வந்த எக்ஸாமினர் கண்ணாடியை மேல தூக்கிட்டு, இந்தக் கால்ல பழைய அடி எதும் இருக்காம்மானு கேக்குறாரு. இந்தக் கால்ல இல்ல சாருன்னு அவ சொல்றா. நான் எதுக்க மண்டி போடுறேன். துணியைச் சுத்திட்டேன். டேப்பை எடுத்து வச்சா கை நிக்குது. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது. வலது கை ஒரு பக்கம் இழுக்குது, புத்தி ஒரு பக்கம் இழுக்குது, கட்டில்ல குழப்புனதெல்லாம் விரல் நுனியில வந்து நிக்குது. அவ கால் சூடா இருக்கு. ஆரம்பிக்கலாமேனு எக்ஸாமினர் சொல்றாரு. நான் எந்திரிக்கிறேன். தள்ளி உக்காருட்டினு டெல்ஃபின்கிட்ட சொல்றேன். அவ நகர்றா. அவ பக்கத்துல, தோளோட தோள் இடிக்க, அவ பாக்குற பக்கமே பாத்து உக்காந்து, குனிஞ்சு அந்தக் காலை என் கால் மாதிரி பாக்குறேன். இப்ப எல்லாம் அது அது இடத்துல இருக்கு. உள்பக்கத்துல வச்சு, குதிகாலுக்கு அடியில விட்டு, வெளிய இழுத்து நிறுத்துறேன். டர்ரு. அடுத்தது. டர்ரு. பாதியில ஒட்டலை. அவ மூச்சு என் காதுல படுது. வேலை முடிஞ்சதும் எக்ஸாமினர் குனிஞ்சு ஒவ்வொரு இழுப்பாத் தொட்டுப் பாக்குறாரு, காலை மடக்கிப் பாக்குறாரு, மடங்கலை. டேப்பு சரியாத்தான் இருக்கு, ஏன்மா இப்படி பக்கத்துல ஏறி உக்காந்தீங்கனு கேக்குறாரு. பழகுறதுக்கு ஆள் இல்ல சார், என் கால்லயே பழகுனேன், எதுக்க உக்காந்தா எனக்கு வராதுன்னேன். மேட்ச்ல விழுந்து கிடக்கிற புள்ளை பக்கத்துலயும் இப்படித்தான் போய் உக்காருவீங்களானு கேக்குறாரு. ஆமா சார்னு சொல்றேன். அவரு மார்க்கு ஷீட்டை மறைச்சு வச்சு எழுதிட்டு, போகலாம்ங்கிறாரு. பாஸா ஃபெயிலானு அந்த மூஞ்சியில ஒண்ணும் தெரியலை.

வராண்டாவுல யாரும் இல்ல. டெல்ஃபின் நின்னு நின்னு பாக்குறா, இடது காலை ஊணி, எக்கி, திரும்ப ஊணி. நல்லாத்தான்ட்டி இருக்கு, இறுக்கிப் பிடிச்சுருக்கு, ஆனா இந்தக் காலுக்கு ஒண்ணும் இல்லியேனு சொல்லிச் சிரிக்குறா. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிறா. போனா இனிமே எப்போ வருவா, அடுத்த பூப்படம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. கத்திரியை எடுத்து அந்த டேப்பை வெட்டி எடுக்கணும். பெஞ்சுல உக்காரச் சொல்றேன். உக்காந்தவ, இடது காலை நீட்டலை. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிட்டு, மத்த காலைத் தூக்கி என் மடியில வச்சுட்டு, கோர்ட்டுப் பக்கம் திரும்பிக்கிறா. கணுக்கால் வெளி எலும்பைச் சுத்தி வீங்கிக் கெட்டியாகிக் கிடக்கு, காலையிலேருந்து நின்ன கால், கொலுசு மாட்ட முடியாத கால். நான் படிச்சதெல்லாம் வச்சுப் பாத்தா இதுக்கு இப்ப டேப்பு ஒண்ணும் செய்யாது. கை போகுது, நான் கையை இழுத்து பெஞ்சு மேல வச்சுக்கிறேன். எப்படிட்டி அடிபட்டுச்சுனு கேக்குறேன். அவ திரும்பிப் பாக்குறா. உனக்குத் தெரியாதா, நீயும்தான பக்கத்துல நின்னங்கிறா. தெரியும், நீ சொல்லுனு சொல்றேன். உள்ள யாரோ ஸ்டூலை இழுத்துப் போடுற சத்தம் கேக்குது. நான் மேல பந்தைத்தான்ட்டி பாத்துட்டு இருந்தேன்னு ஆரம்பிக்குறா.